யாரோ எழுந்து போன நாற்காலி

காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறக்கிறேன். பல் தேய்க்கிறேன். அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். அதற்குள் அத்தை எழுந்து சாப்பாட்டு மேசையைத் துடைத்திருப்பார். முதல் நாள் இரவே துடைத்த மேசைதான். இரண்டு கோப்பை டீ போடுகிறேன். அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல். ரொட்டியைச் சூடாக்குகிறேன். சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். பையில் டார்ச், அளவு நாடா, கையுறை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பிறகு கூடத்தின் நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.

டீ வாசனை வரும். இஸ்திரிப் பெட்டியின் சூடு வரும். நான் தேடுவது வராது.

"மூக்கு அடைச்சிருக்கா மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்பார்.

"இல்ல அத்தை."

"பின்ன என்ன, போலீஸ் நாய் மாதிரி தினமும் மோப்பம் பிடிச்சுக்கிட்டு?"

அத்தை என் மனைவியின் அம்மா. மகள் இறந்துபோன பிறகு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார். "உங்களைத் தனியா விட்டா டீயைக் குடிச்சே காலத்தை ஓட்டிடுவீங்க" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை.

நான் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட் பத்திரமாக ஓடுகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது வேலை. என் மனைவி பூஞ்சைகளின் வாசனையை ஆராய்ந்தவள். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "மேல போறவங்களை இவர் பாத்துக்கிறார், அழுகிப் போறதை நான் பாத்துக்கிறேன்" என்பாள்.

அவளுடைய ஆய்வகத்தில், ஒரு பழைய மரப்பெட்டித் தொழிற்சாலையின் ஈரப் பலகையிலிருந்து ஒரு பச்சைப் பூஞ்சையை எடுத்து வளர்த்தார்கள். அது வளரும் தட்டைத் திறந்தால் தேங்காய் வாசனை வரும். அந்த வாசனைக்குக் காரணமான பொருள் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தது. பூஞ்சை தானே அதைத் தயாரிக்கிறது. பக்கத்தில் வேறு பூஞ்சைகள் வந்து குடியேறாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் இந்தப் பூஞ்சை மற்றவற்றை விரட்டுகிற வேகத்துக்கு அந்த ஒரு பொருள் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று ஆய்வகத்தின் தலைவி நினைத்தார். அங்கே எல்லோருக்கும் அவர் மேடம். கூட இன்னொன்று இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடியுங்கள் என்றார் மேடம்.

கண்டுபிடிக்கும் விதம் இது. பூஞ்சையின் மேலிருக்கும் காற்றைச் சேகரித்து ஊசியால் ஓர் இயந்திரத்துக்குள் செலுத்துவார்கள். உள்ளே முடி கனத்தில் நீளமான ஒரு குழாய், சுருள் சுருளாக. ஒன்றாகக் கலந்து கிடக்கும் வாசனைகள் அதற்குள் ஓடும்போது பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக மறுமுனைக்கு வரும். மறுமுனையில் இரண்டு கிளை. ஒன்று கருவிக்குப் போகும். கருவி திரையில் கோடு போடும். இன்னொன்று ஒரு கண்ணாடிப் புனலுக்குப் போகும். அந்தப் புனலில் ஓர் ஆள் மூக்கை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். கருவிக்கு எட்டாததைக்கூடச் சில சமயம் மூக்கு பிடித்துவிடும். மூக்கை எடுக்காமல் எழுத முடியாது என்பதால், வருவதை வாயால் சொல்வார்கள். பதிவாகும். பிறகு இன்னொருவர் அதைக் கேட்டு எழுதுவார்.

மூக்கு என் மனைவியுடையது. கேட்டு எழுதுகிறவள் அவளுடைய தோழி. முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி போட்டவள். என் மனைவி அவளை ஆந்தை என்று கூப்பிட்டாள். பிறகு எல்லோருக்கும் அவள் ஆந்தைதான்.

ஆந்தை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது சில பதிவுகளைப் போட்டுக் காட்டுவாள். இயந்திரத்தின் இரைச்சல். நடுநடுவே என் மனைவியின் குரல்.

"காளான். பச்சைக் காளான்... போயிடுச்சு... பென்சில் சீவின தூள்... தேங்காய். தேங்காய். அம்மாடி, தோப்பே வருது... ஏய் ஆந்தை, நேத்து நீ அடிச்சுக்கிட்டு வந்த சென்ட் இன்னும் இந்த ரூமை விட்டுப் போகல. இன்னொரு நாள் அடிச்சிட்டு வா, உன்னைப் புனல்லயே வெச்சு அமுக்கிடறேன்."

ஆந்தை எதையும் வெட்டமாட்டாள். வசவும் சேர்த்துத்தான் கோப்பில் இருந்தது.

ஒரு நாள் தேங்காய்க்குப் பிறகு அவள் வேறொன்றைச் சொன்னாள். "இது என்னது... இரு... யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன நாற்காலி."

திரையில் அந்த இடத்தில் கோடு தட்டையாக இருந்தது. கருவிக்குத் தெரியாதது மூக்குக்குத் தெரிந்தால், மிகக் கொஞ்சமாக, மிகக் காட்டமான ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பொருளுக்கு அவர்களுக்குள் நாற்காலி என்றே பெயர் வந்துவிட்டது. "இன்னிக்கு நாற்காலி வந்துச்சா?" "வந்துச்சு, காலை ஆட்டிக்கிட்டு."

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஒரே குழாயில் ஒரே பொருள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் வர வேண்டும். நாற்காலி அப்படி வரவில்லை. ஒரு நாள் தேங்காயின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. இன்னொரு நாள் எல்லாம் முடிகிற நேரத்தில் வந்தது. குழாய் பழசாகிவிட்டது என்று முடிவு செய்து புதுக் குழாய் போட்டார்கள். அப்போதும் இடம் மாறியது. வாயு சிலிண்டரை மாற்றினார்கள். ஆந்தையைப் புனலில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு நாற்காலி வரவே இல்லை. சில வாசனைகள் சில மூக்குகளுக்குப் பிறவியிலேயே தெரியாது, அது உண்மைதான். மேடம் அதைச் சொல்லிவிட்டு, இயந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொன்னார்.

வீட்டிலும் அது வந்தது.

"யாருங்க வந்துட்டுப் போனது?" என்று சோபாவுக்கு முன்னால் நின்று கேட்பாள்.

"யாரும் வரலையே."

"இல்ல, இங்க யாரோ உக்காந்திருந்தாங்க."

"உன் பூஞ்சையா இருக்கும். கூடவே வந்து டிவி பாத்திருக்கு."

சிரித்துவிட்டுத் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்ப்பாள். ஒரு முறை நான் சோதிக்கப் போன கட்டடத்துக்கு அவளும் வந்தாள். பழுதாகிப் பல வாரம் பூட்டிக் கிடந்த லிஃப்டை அப்போதுதான் திறந்தேன். உள்ளே நுழைந்தவள், "இப்பத்தான் யாரோ இறங்கிப் போயிருக்காங்க" என்றாள். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஆய்வகத்தில், அந்த இயந்திரத்துக்கு முன்னால் விழுந்தாள். மருத்துவமனையில் பேசவில்லை. தலைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். கசிவுக்கு அடியில் ஒரு கட்டி. காதுக்கு மேலே, உள்ளே, வாசனையை அறியும் இடத்தை ஒட்டி. நடைபாதையில் ஓர் இளம் டாக்டர் கேட்டார்: "சமீபமா இல்லாத வாசனை ஏதாவது வருதுன்னு சொன்னாங்களா?"

"அவங்க வேலையே வாசனைதான் டாக்டர்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கேள்வி போகவில்லை. என்னோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்காலி என்ற பொருள் உண்மையில் இருந்தால், அவள் முகர்ந்தது உண்மை. அவள் உடையில் ஒட்டிக்கொண்டு அது வீட்டுக்கு வந்திருக்கும், லிஃப்டுக்கும் வந்திருக்கும். இல்லையென்றால், அவள் என் முன்னால் நின்று அத்தனை முறை சொன்னது வேறு. காலையில் கூடத்தில் நின்று நான் தேடுவது அதைத்தான். ஒரே ஒரு முறை வந்துவிட்டால் போதும்.

அத்தையின் கணக்கு வேறு. மேடம் வீட்டுக்கு வந்தபோது, அந்தப் பொருளுக்கு மகளின் பெயரிலிருந்து ஒரு பெயர் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அத்தை அதை எல்லோரிடமும் சொன்னார். காய்கறிக் கடையில் சொன்னார். வங்கி வாசலில் காவலாளியிடம் சொன்னார். பல் டாக்டர் வாய்க்குள் கையை விட்டிருக்கும்போதே சொல்லியிருக்கிறார். "என் பொண்ணு பேர்ல ஒரு மருந்து வருது." மருந்து இல்லை அத்தை என்று நான் திருத்துவேன். "நாளைக்கு மருந்தாகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்பார்.

மகள் கடைசியாகச் சொன்னதையும் எல்லோரிடமும் சொல்வார். அன்று மதியம் போனில் பேசினாளாம். "நேரத்துக்குச் சாப்பிடும்மா" என்றாளாம். சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே போனது. இப்போது அதில் என்னைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு வரியும் இருக்கிறது. எனக்கு அவள் சொன்னது காலையில், வாசலில்: "குடையை எடுத்துக்கோங்க." நான் எடுத்துக்கொள்ளவில்லை. மழையும் வரவில்லை.

போன வாரம் ஆந்தை போன் செய்தாள்.

"அண்ணா, ஆய்வகத்துக்கு வர முடியுமா? இன்னிக்கே. மேடம் வெளியூர் போயிருக்காங்க."

ஒரு கட்டடத்தைச் சோதித்து முடித்து, அடுத்த கட்டடத்துக்குப் போகும் முன் போனேன். அந்த அறைக்குள் அதற்கு முன்பு நான் போனதில்லை. குறுகிய அறை. வெள்ளைச் சுவர். ஓர் உயர முக்காலி. இயந்திரத்தின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் கை நீட்டியது போல வந்து, கண்ணாடிப் புனலில் முடிந்தது. புனலின் விளிம்பு மூக்குக்கு ஏற்ற மாதிரி வளைந்திருந்தது. அலமாரியில் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பச்சை வட்டங்கள்.

ஆந்தை கதவைச் சாத்தினாள்.

"ஆராய்ச்சிப் பேப்பர் திங்கக்கிழமை போகுது அண்ணா. நாற்காலி அதுல இருக்கு. அவளோட பதிவுகளை எல்லாம் சேத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணு மட்டும் எழுதாம கிடந்துச்சு. அவ விழுந்த அன்னிக்குள்ளது. அதை யாரும் தொடல. நானும்தான்."

"சரி."

"மிஷின்ல பாத்தேன். அன்னிக்கு அவ ஊசியில பூஞ்சைக் காத்தை ஏத்தல. வெறும் சுத்தமான காத்து. பிளாங்க்னு சொல்வோம். மிஷினுக்குள்ள அழுக்கு இருக்கான்னு பாக்க வெறுமனே ஓட்டுறது. ஒண்ணுமே வரக் கூடாது."

"லிஃப்டை நாங்களும் முதல்ல ஆளில்லாம ஓட்டித்தான் பாப்போம்."

"பிளாங்க் ஓடும்போது யாரும் புனல்ல மூக்கை வைக்க மாட்டாங்க. எதுக்கு வைக்கணும்? வர்றதுக்கு ஒண்ணும் இல்லையே. இவ வெச்சிருக்கா." கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றினால் அவள் வேறு யாரோ போலிருக்கிறாள். "நாற்காலி வருது அண்ணா. அதுவரைக்கும்தான் கேட்டேன். மேல கேக்க முடியல."

இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. எதற்காக இரைகிறது என்று கேட்டேன். எப்போதும் இப்படித்தான், அணைக்கவே மாட்டோம் என்றாள்.

"மேடம் இதைக் கேட்டா, பேப்பர்ல நாற்காலி இருக்காது" என்றாள். "அவ பேர்ல ஒரு பொருளும் இருக்காது. மிச்சம் தேங்காய்தான். அது ஊருக்கே தெரிஞ்சது. நான் இதைக் கண்டுக்காம விட்டா, எல்லாம் இருக்கும். பிளாங்க்கோட பதிவை எவனும் தேடி வரப் போறதில்ல."

"நீ என்ன நினைக்கிற?"

"எனக்கு நினைக்கத் தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூப்பிடப் போறேன்?"

"நான் ஒரு தடவை உக்காரட்டுமா?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு தட்டை எடுத்தாள். காற்றைச் சேகரித்தாள். ஊசியைச் செலுத்தினாள். நான் முக்காலியில் ஏறிப் புனலில் மூக்கை வைத்தேன்.

வெதுவெதுப்பான ஈரக் காற்று. யாரோ முகத்துக்கு மிக அருகில் மூச்சு விடுவது போல. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு காளான், அவள் சொன்னது போலவே பச்சையாக. பிறகு தேங்காய். அது வந்தபோது எனக்கு அவளுடைய தலைமுடி நினைவுக்கு வந்தது. அவள் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறபோது அந்த வாசனைதான் முதலில் உள்ளே வரும். அது மெலிந்தது. போனது. நான் காத்திருந்தேன். அவள் மூக்கு இருந்த இடத்தில் என் மூக்கு. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. தோளுக்கு மேலிருந்து குனிந்து, நான் சரியாகச் செய்கிறேனா என்று பார்ப்பது போல. திரும்ப வேண்டுமென்றால் மூக்கை எடுக்க வேண்டும். திரும்பவில்லை. வா என்று மனதுக்குள் சொன்னேன். எதைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெற்றுக் காற்று. கடைசிவரை வெற்றுக் காற்றுதான்.

"என் பின்னால நின்னியா?" என்று கேட்டேன்.

"நான் இங்கதானே இருக்கேன் அண்ணா, உங்க முன்னால" என்றாள் ஆந்தை.

பதிவை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். நாளைக்குள் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். அடுத்த கட்டடத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தேன்.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். மணியைப் பார்த்தார்.

"என்ன, இன்னிக்கு லிஃப்ட் எல்லாம் உங்களைக் கேக்காமலே ஏறி இறங்குதா?"

போனை மேசைமேல் வைத்தேன். உட்கார்ந்தேன். சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன், குழாய் மாற்றியதைச் சொன்னேன், வெறும் காற்றைச் சொன்னேன். அத்தை ஒரு தலையணை உறையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"வெறும் காத்துன்னா அதுல ஒண்ணுமே இருக்காதா?"

"வாசனையா ஒண்ணும் இருக்காது."

"ஆனா அவளுக்கு வந்துச்சு."

"வந்துச்சு."

"எங்கேருந்து?"

நான் காதுக்கு மேலே தொட்டுக் காட்டினேன்.

அத்தை உறையைக் கீழே வைத்தார். "அந்த டாக்டர் கேட்டாரே, நடைபாதையில" என்றார். அவர் அப்போது என் பக்கத்தில்தான் நின்றிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ஆமா."

"எனக்கும் சொன்னா. போன்ல. 'அம்மா, நீ பக்கத்துல உக்காந்துட்டு எந்திரிச்சுப் போன மாதிரியே இருக்கும்மா'ன்னா. நினைப்பா இருக்காளேன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு." முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க ஒன்றும் இல்லை. "டாக்டர்கிட்ட நானும்தான் சொல்லல. அது வாசனைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எதிர் வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அவ பேரு?"

"இதைச் சொன்னா வராது அத்தை. சொல்லாம விட்டா வரும்."

"யார் முடிவு பண்றது?"

"ஆந்தை என்கிட்ட விட்டிருக்கா."

"நீங்க இதை முழுசா கேட்டீங்களா?"

"இல்ல. அவளும் கேக்கல."

"கேக்காமலே முடிவு பண்ணுவீங்களா? நல்லா இருக்கே. பாதி வரைக்கும் ஏறிப் பாத்துட்டு லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?" தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போடுங்க."

போட்டேன்.

இரைச்சல். நான் மதியம் கேட்ட அதே இரைச்சல். அதற்குள் ஒரு மூச்சு.

"சளி பிடிச்சிருக்கு பாருங்க அவளுக்கு" என்றார் அத்தை மெதுவாக.

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் என் மனைவி.

ஆணி அடிப்பது நின்றது. வெகுநேரம் மூச்சு மட்டும்.

"ஒண்ணும் இல்ல."

மறுபடியும் மூச்சு. காளான் வர வேண்டிய இடத்தில் காளான் வரவில்லை. தேங்காய் வர வேண்டிய இடத்தில் தேங்காய் வரவில்லை.

"ஒண்ணும் இல்ல... ஒண்ணும் இல்ல."

பிறகு:

"நாற்காலி."

அவ்வளவுதான். குரலில் பயமில்லை. காத்திருந்த பஸ் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். என் கை போனை நோக்கிப் போனது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தினீங்கன்னா தெரியும் சேதி."

பிடியை விடவில்லை. இரைச்சல் ஓடியது. மூக்கு உறிஞ்சும் சத்தம். மூச்சு ஓர் இடத்தில் நின்று, மறுபடியும் தொடங்கியது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. என்னிடம் சீட்டாட்டத்தில் தோற்றால் அப்படிச் சிரிப்பாள். கையில் மிச்சமிருக்கும் சீட்டைக் கீழே போடும்போது.

"ஏய் ஆந்தை. மிஷின் மேல ஒரு தப்பும் இல்லடி. அநியாயமா அதைக் கழட்டி மாட்டியிருக்கோம்."

முக்காலி கிறீச்சிட்டது. அத்தையின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"மேடம்கிட்ட சொல்லி நாற்காலியை எடுக்கச் சொல்லு. இல்லாததை எழுதி அனுப்ப வேண்டாம்."

மூச்சு.

"வீட்ல நானே சொல்லிக்கிறேன்."